எட்டுச் சாமான் போலீஸ்

மாறுவேட உடுப்பு வாடகைக்கு விடும் தொழிலில் உடுப்பைப் போடப்போவது பிள்ளை. ஆனால் கடைக்குள் வந்து வாயைத் திறப்பது எப்போதும் பெரியவர்களாகத்தான் இருக்கும்.

அன்று கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் மருமகள் சுதா. அலமாரியில் டாக்டர் ஐந்து, ராணுவ வீரர் மூன்று, நர்ஸ் இரண்டு, வக்கீல் ஒன்று, விண்வெளி வீரர் ஒன்று, கைத்தடி வைத்த தலைவர்கள் மூன்று, கைத்தடி இல்லாத தலைவர்கள் மூன்று, விவசாயி மூன்று, போலீஸ் நான்கு. ஆக, ஆள் இரண்டு, வேஷம் இருபத்தைந்து.

அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சங்ககிரியில் எங்கள் கடைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ‘என் முன்மாதிரி’ என்று ஒரு போட்டி. பிள்ளை யாரைப் போல ஆக ஆசைப்படுகிறதோ அவரைப் போல உடுத்திக்கொண்டு, மேடையில் நின்று நாலு வரி சொல்ல வேண்டும். இப்படி ஒரு போட்டி இருப்பதை முதல் நாள்தான் தெரிந்துகொண்டு கடைகடையாக அலைந்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. நீங்கள் கடைக்கு வெளியே நின்று பட்டதை நான் உள்ளே நின்று பட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஏழாவது வரை படித்தவள். அதிகம் பேச வராது. ஆட்கள் வந்தால் அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொள்வேன். அதைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிவிடலாம். பேச்சு சுதாவுடையது. எண்ணிக்கை என்னுடையது.

தொப்பி வரைக்கும்

பத்து மணிக்குள் மூன்று போலீஸ் போய்விட்டது. நான்காவதைக் கேட்டு வந்தவர் ராணி. பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வந்திருந்தார். கூட அவர் மகன் கவின், நான்காம் வகுப்பு. எங்கள் கடைப் போலீஸில் எட்டுச் சாமான் உண்டு: சட்டை, கால்சட்டை, தொப்பி, பெல்ட், பெயர்ப்பட்டை, தோளுக்கு நட்சத்திரப் பட்டை ஒரு ஜோடி, விசில், லத்தி. நட்சத்திரப் பட்டையைப் பிள்ளைகள் தொலைத்துவிடுகிறார்கள் என்று சட்டையோடு சேர்த்து நானே தைத்து வைத்திருந்தேன்.

சட்டை பொருந்தியது. கால்சட்டை இரண்டு விரல் நீளம், மடித்துவிட்டேன். பெல்ட் போட்டு, விசிலை மாட்டும் வரைக்கும் பையன் மரம் மாதிரி நின்றான். சுதா தொப்பியை அவன் தலையில் வைத்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். கண்ணாடியைப் பார்த்தவன் முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று. தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தான். எறியவில்லை, வைத்தான். அப்புறம் விசில், பெல்ட், சட்டை, கால்சட்டை. வீட்டிலிருந்து போட்டு வந்த அரை டிராயரும் பனியனுமாகக் கதவோரம் போய் நின்றுகொண்டான்.

“என்னடா சாமி, உறுத்துதா?” என்று சுதா கேட்டாள். ராணி கெஞ்சினார். பிறகு கையை ஓங்கினார். ஓங்கிய கையைக் கீழே போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். “போலீசுன்னு மிஸ்ஸுகிட்டப் பேரு குடுத்தாச்சுங்க. இவங்கப்பா ஆசைப்பட்டுச் சொன்னது. ஒரு வாரமா இப்படித்தான், போலீசுன்னா வாயவே தொறக்க மாட்டேங்கறான். என்னன்னு கேட்டாலும் சொல்றதில்ல.” மில்லுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வாசல்படி இறங்கியவர் திரும்பி என்னிடம் சொன்னார்:

“இவங்கப்பா லாரில லைனுக்குப் போயிருக்கறாருங்க. சாயங்காலம் வந்துருவாரு. அவரு முன்னால மாட்டேன்னு சொல்ல மாட்டான். அது வரைக்கும் இத வேற யாருக்கும் குடுத்துராதீங்க சாமி.”

பாதி டாக்டர்

அந்த எட்டுச் சாமானையும் தனியே ஒரு கொக்கியில் மாட்டினேன். தொப்பியை மட்டும் ஒளித்து வைத்துவிட்டு மற்றதைப் பையனுக்குப் போட்டு அனுப்பலாமா என்று சுதா கேட்டாள். நான் சுவரில் இருந்த பலகையைக் காட்டினேன். ‘செட் பிரித்துத் தரப்பட மாட்டாது’ என்று அவள் கையாலேயே எழுதியது. அந்தப் பலகைக்குக் காரணம் இரட்டைப் பெண்கள் இருவர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு போட்டி. மிஞ்சியிருந்தது ஒரே ஒரு டாக்டர். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் டாக்டர்தான் வேண்டும். அவர்களுடைய அப்பா, வெண்ணந்தூர்ப் பக்கம் தறி வைத்திருப்பவர், “பிரிச்சுக் குடுங்க, ஒண்ணும் ஆவாது” என்றார். மூத்தவளுக்கு வெள்ளைக் கோட்டு, இளையவளுக்கு நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாய் என்று கொடுத்தேன். கோட்டு இல்லாதவள் தன்னை யாரும் டாக்டர் என்று நம்பவில்லை என்று மேடையிலேயே அழுதிருக்கிறாள். குழாய் இல்லாதவள் அதைப் பிடுங்கியிருக்கிறாள். மறுநாள் கோட்டு ஒரு கை இல்லாமல் வந்தது. குழாய் இரண்டாக வந்தது. அன்றோடு எதையும் பிரிப்பதில்லை என்று முடிவு செய்தேன். கொண்டுவந்து வைத்த அப்பா சொன்னார்:

“பாதி டாக்டர் ரெண்டு சேந்தா ஒரு டாக்டர் ஆயிருமின்னு நெனைச்சனுங்க. ரெண்டு நோயாளி ஆயிப்போச்சு.”

கலெக்டர் என்ன போடுவார்

பதினொன்றரை மணிக்குச் சொந்தமாகத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் மகளை வண்டியில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார். நல்ல வசதி, வெள்ளை வேட்டியில் ஒரு கறை கிடையாது. “கலெக்டர் ஒரு செட்டு குடுங்க” என்றார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பயப்படும் கேள்வி இது. கலெக்டருக்கென்று தனி உடுப்பு இல்லை. சேலை கட்டிப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினால்தான் கலெக்டர் என்று தெரியும். சுதா அதைப் பக்குவமாகச் சொன்னாள்.

“அப்ப ஒசரத்துல வேற என்ன இருக்குது?” என்று அவர் கண் அலமாரியைச் சுற்றிவந்து கொக்கியில் இருந்த போலீஸில் நின்றது. “அது சொல்லி வச்சதுங்க” என்றாள் சுதா. அதற்குள் அந்தப் பெண் தானாகவே விவசாயி தலைப்பாகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தது. மூன்று விவசாயியும் காலையிலிருந்து தொடுவார் இல்லாமல் கிடந்தன. “நல்லா இருக்குதுங்களே, மண்வெட்டியும் சேத்தித்தான் வருது” என்று சுதா எடுத்துக் கொடுத்தாள். அவர் மகள் தலையிலிருந்து தலைப்பாகையை மெல்ல எடுத்து, மடித்து, அலமாரியில் வைத்தார். பெண்ணின் சிரிப்பும் அதோடு போயிற்று. வக்கீலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்:

“அந்த வேசத்தத்தான் நான் முப்பது வருசமா வாடகையில்லாமப் போட்டுக்கிட்டு இருக்கறனுங்க. இது வேற எதுக்கு?”

மாவுக்கட்டு

மதியம் ஒரு அம்மா, அவர் மகன், கூடவே மகனின் சித்தப்பா. சித்தப்பாவுக்கு இருபது வயது இருக்கும். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. பைபாஸ் ரோட்டில் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி வீடியோ போடுகிறவராம். ஊரில் பிள்ளைகளுக்கெல்லாம் அவரைத் தெரிந்திருந்தது. கடை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் மாவுக்கட்டின் மேல் பேர் எழுத வேண்டும் என்று பேனாவோடு வந்துவிட்டார்கள்.

அந்த அம்மாவுக்குப் போலீஸ் வேண்டும். கொக்கியைப் பார்த்துவிட்டார். “சொல்லி வச்சவங்க வரவே இல்லயே? மணி ரெண்டாகுது. நான் கையில பையனோட நிக்கறன்” என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சுதா என்னைப் பார்த்தாள். காலையில் பனியனோடு நின்ற பையன் எப்படியும் போடமாட்டான் என்று எனக்கே தோன்றியது. ஆனால் அவன் அம்மாவிடம் தலையாட்டியிருந்தேன். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, இல்லை என்று மறுபடியும் தலையாட்டினேன்.

“உனக்கு என்னடா வேணும், நீயாச்சும் சொல்லித் தொல” என்று அந்த அம்மா மகன் பக்கம் திரும்பினார். பையன் சித்தப்பாவின் கட்டைத் தொட்டுக் காட்டினான். ஹெல்மெட் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, அந்தக் கட்டு மட்டும் போதுமாம். சித்தப்பா சிரித்தார். சிரித்தவர் அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த அம்மா ராணுவ வீரர் ஒன்றை எடுத்துக் கட்டச் சொல்லிவிட்டுக் கொழுந்தனிடம் சத்தம் குறைத்துச் சொன்னார்:

“பாத்துக்க. உன்னயாட்டம் ஆகறதுக்கு எம்பையன் ஒரு கையக் குடுக்கத் தயாரா நிக்கறான்.”

உடுப்போடு வந்தவர்

நான்கு மணிக்கு ஒரு பெண் போலீஸ் கடைக்குள் வந்தார். காக்கி உடுப்பு, தொப்பி கையில். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. தப்பு ஒன்றும் செய்யாதவர்களுக்கும் அப்படித்தான் வேர்க்கும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் நேராகக் கொக்கியில் இருந்த செட்டைக் காட்டி, “அது என் பொண்ணுக்கு வேணும்” என்றார். சுதா அப்போது பார்த்துக் கொல்லைப்புறம் போயிருந்தாள். நானே பேச வேண்டியதாயிற்று.

“அது ஒரு பையனுக்குச் சொல்லி வச்சதுங்க” என்றேன். “வந்து வாங்கிக்கறதுதானே?” என்றார். “போட மாட்டேங்கறானுங்க” என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அதை யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. அவர் கோபப்படவில்லை. முக்காலியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். “எம்பொண்ணும் அப்படித்தான். நர்ஸ் வேசம்தான் போடுவாளாம். பக்கத்து ஊட்டு அக்கா நர்ஸு. நான் டூட்டிக்குப் போனா அவதான் சோறு போட்டுத் தலை சீவி உடறா. நான் என் உடுப்பத்தான் போட வைக்கோணும்னு பந்தயம் கட்டிக்கிட்டு வந்தேன்.” கொஞ்ச நேரம் கொக்கியையே பார்த்தார். பிறகு நர்ஸ் செட்டை எண்ணி வாங்கிக்கொண்டு எழுந்தார்.

“அந்தப் பையன் மாட்டேன்னா விட்டுருங்கம்மா. இதைப் போட்டுக்கிட்டு இருக்கற எங்களுக்கே ஒரு ஒரு நாளைக்கு எப்படா கழட்டுவோம்னு இருக்குது.”

ஏழு மணி

ஏழு மணிக்கு அலமாரியில் விவசாயி மூன்று, கொக்கியில் போலீஸ் ஒன்று. மற்றதெல்லாம் போயிருந்தது. கவினின் அப்பா செல்வராசு அப்போதுதான் வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு நேராக வந்திருக்கிறார். காக்கிச் சட்டையில் டீசல் வாசம், தோளில் துண்டு. பையன் அவர் பின்னால் நடந்து வந்தான். “லேட்டாயிப்போச்சுங்கம்மா, மன்னிக்கோணும்” என்றவர் பையனைப் பார்த்து, “போடுறா” என்றார்.

ராணி சொன்னது சரிதான். பையன் மாட்டேன் என்று சொல்லவில்லை. சட்டை, கால்சட்டை, பெல்ட், விசில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டான். பெயர்ப்பட்டையைச் சுதா குத்திவிட்டாள். கடைசியில் செல்வராசுவே தொப்பியை எடுத்து வைத்தார். லத்தியைக் கையில் கொடுத்தார். ஓரடி பின்னால் போய்ப் பார்த்தார். “பாரு. எப்படி இருக்கற பாரு.” பையன் கண்ணாடியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். கண்ணீர் சட்டையில் விழுந்தது. “எதுக்குடா அழுவற? சொல்லிப்போட்டு அழு” என்றார் அப்பா.

“இந்தத் தொப்பி போட்ட ஆளுதான் உன்னைய அடிச்சாரு” என்றான் பையன்.

செல்வராசு எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். போன வாரம் லீவு என்று பையனை லாரியில் கூட்டிப் போயிருக்கிறார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் காகிதம் எடுத்துக் கொடுக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டதாம். கன்னத்தில் ஒன்று. பையன் மேலே சீட்டில் தூங்குகிறான் என்று நினைத்திருக்கிறார். “தூங்கலயா நீ?” என்றார். பையன் தலையை ஆட்டினான். அவர் முழங்காலை மடக்கி அவன் உயரத்துக்குக் குனிந்தார். “அதுக்குத்தான்டா சொல்றேன். இது உன் தலையில இருந்தா உன்னைய ஒருத்தனும் தொட மாட்டான். லத்தி உன் கையில இருக்கும்.”

பையன் லத்தியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

“அப்ப நான் யாரப்பா அடிக்கோணும்?”

மேல் பட்டன்

செல்வராசு எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சுதா பையனின் கையிலிருந்து லத்தியை வாங்கி வைத்தாள். “கண்ணு, நீ யாராட்டம் நிக்கோணும்னு நெனைச்ச?” என்று கேட்டாள். காலையிலிருந்து வந்த பிள்ளைகளில் யாரிடமும் நாங்கள் அதைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையன் தாடையால் வாசலைக் காட்டினான்.

“என்னயவா?” செல்வராசு திரும்பினார். சிரித்தார், ஆனால் அது சிரிப்பு இல்லை. “அடி வாங்கினவன் வேசத்தப் போட்டுக்கிட்டு மேடையில நிக்கப்போறியா? என்னன்னு சொல்லுவ? எங்கப்பன் கன்னத்தக் காட்டிக்கிட்டு நின்னான்னா?”

“ரிவர்ஸ் எடுத்தியே,” என்றான் பையன். “அன்னிக்கே, குடோன் சந்துல. பதினாலு சக்கர வண்டி. ரெண்டு பக்கமும் செவுரு. அதுக்கு முன்னால ஒருத்தரு நாலு தடவ எடுத்து முடியாம எறங்கிட்டாரு. நீ ஒரே தடவையில எடுத்த. அல்லாரும் நின்னு பாத்தாங்க.”

“அதயும் பாத்தியா?” என்றார் செல்வராசு. அவர் குரல் அடங்கிப்போயிருந்தது. பையன், “நீ கண்ணாடியக்கூடப் பாக்கல” என்று சொல்லி, வண்டி எப்படி உள்ளே போனது என்று கையை வளைத்துக் காட்டினான். “கண்ணாடியப் பாத்துத்தான்டா எடுத்தேன்,” என்று அப்பா திருத்தினார். “எடது கண்ணாடியில செவுரு, வலது கண்ணாடியில பின் சக்கரம். ரெண்டையும் பாக்கோணும்.”

நான் பையனிடம் போனேன். தொப்பியை எடுத்தேன், விசிலை எடுத்தேன், பெல்ட்டையும் பெயர்ப்பட்டையையும் கழற்றினேன். அவனுடைய சட்டையைக் கழற்றி மேஜையில் விரித்துப் பிளேடை எடுத்து, தோளில் நானே தைத்த நட்சத்திரப் பட்டையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். நெருக்கமான தையல். சுதா பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு தோளும் முடிந்ததும் அது வெறும் காக்கிச் சட்டை. செல்வராசு போட்டிருந்ததற்கும் அதற்கும் டீசல் வாசம் ஒன்றுதான் வித்தியாசம்.

அவர் கதவை விட்டு இரண்டு அடி உள்ளே வந்தார். சட்டையைப் பையனுக்குப் போட்டுவிட்டேன். “கால்சட்டை வேண்டாங்க,” என்றார். “நாங்க வண்டியில கைலிதான். ஊட்டுல சின்னது ஒண்ணு கெடக்குது.” கால்சட்டையை மடித்து வைத்தேன். பிறகு செல்வராசு தன் தோளில் இருந்த துண்டை எடுத்துப் பையன் கழுத்தைச் சுற்றிப் போட்டார். சரியில்லை என்று எடுத்து, ஒரு தோளில் மட்டும் போட்டார். மிஸ்ஸிடம் தானே காலையில் வந்து பேசுவதாகச் சொன்னார். என்ன சொல்வார் என்று யாரும் கேட்கவில்லை. பையன் இப்போது கண்ணாடியைத் தானாகவே பார்த்தான். இடதில் ஒரு தடவை, வலதில் ஒரு தடவை. நான் வழக்கம்போல எல்லாப் பட்டனையும் போட்டுக் கடைசிப் பட்டனுக்கு வந்தேன். செல்வராசு கையை நீட்டித் தடுத்தார்.

“மேல் பட்டன் போடாதீங்கம்மா. எங்க ஆளுங்க ஒருத்தனும் அதப் போடறதில்ல.”

செட்டைப் பிரித்துத் தரமாட்டோம் என்று பலகை மாட்டிய கடையில், எட்டுச் சாமான் போலீஸிலிருந்து சட்டை ஒன்று லாரி டிரைவராகிப் போய்விட்டதால், அன்று கதவைச் சாத்தும்போது கொக்கியில் மீதி இருந்தது ஏழு.